ஜார்ஜ்டவுன் சுவரோவியங்களைச் சைக்கிளில் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனுக்கு வந்து, வழிகாட்டியோடு சைக்கிளில் சுவரோவியம் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. சைக்கிள் ஓட்டிப் பல வருஷமானவர்களையும் குடும்பத்தோடு வருகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது.

ஜார்ஜ்டவுன் சுவர்களில் அப்படி என்ன இருக்கிறது?

2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நான்கு ஆண்டு கழித்து, 2012ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்கரேவிச் என்ற இளம் ஓவியர் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளின் சுவர்களில் சில ஓவியங்கள் வரைந்தார். உருவத்தைச் சுவரில் வரைந்துவிட்டு, அது பிடித்திருக்கும் பொருளை மட்டும் நிஜமாகவே கொண்டுவந்து பொருத்திவிடுவது அவர் கையாண்ட உத்தி. ஆர்மேனியன் தெருவில் அக்காவும் தம்பியும் போகும் சைக்கிள் நிஜச் சைக்கிள். ஆ குவீ தெருவில் பையன் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும் மோட்டார் சைக்கிளும் நிஜம். கேனன் தெருவில் சிறுவன் ஏறி நின்று எட்டுகிற நாற்காலியும் அப்படித்தான்.

முன்ட்ரி தெருவில் நீல உடைச் சிறுமி ஒருத்தி ஒரு மாடி உயரத்துக்குச் சுவரில் தொற்றிக்கொண்டு நிற்கிறாள். பினாங்கு ரோட்டில் பெச்சாக்காரர் ஒருவர் சவாரிக்குக் காத்திருக்கிறார். பெச்சா என்பது இங்குள்ள சைக்கிள் ரிக்‌ஷா. பயணி முன்னால் உட்காருவார், மிதிப்பவர் பின்னால்.

இவருக்குப் பிறகு பலர் வரைந்தார்கள். சூலியா தெருவின் கடலோரப் பகுதியில் அண்ணனும் தங்கையும் நிஜ ஊஞ்சலில் ஆடும் ஓவியம் லூயிஸ் கான் வரைந்தது. 2013இல் தெரு விலங்குகளுக்காக ஒரு கலைஞர் குழு '101 லாஸ்ட் கிட்டன்ஸ்' என்ற பெயரில் பூனை ஓவியங்களாக வரைந்து தள்ளியது. ஆர்மேனியன் தெரு வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பூனையாவது கண்ணில் படும்.

சுவரில் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்களும் இருக்கின்றனவே, அவை என்ன?

பலர் நின்று பார்க்காமல் போய்விடுவது இவற்றைத்தான். அதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. 'மார்க்கிங் ஜார்ஜ்டவுன்' என்ற மாநில அரசின் திட்டத்துக்காக ஸ்கல்ப்சர் அட் வொர்க் நிறுவனம் செய்தவை இவை, மொத்தம் 52. ஒவ்வொன்றும் தான் மாட்டப்பட்டிருக்கும் தெருவின் கதையையே சொல்லும். ஓவியத்தை அதன் சுவரிலிருந்து பிரித்துப் பார்த்தாலும் ரசிக்க முடியும். இந்தக் கம்பிச் சித்திரத்தை வேறு தெருவுக்குக் கொண்டுபோனால் அதற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

1867இல் பினாங்கில் பெரிய கலவரம் நடந்தது. அப்போது பீரங்கிக் குண்டு விழுந்து பள்ளமான இடம் என்பதால்தான் கேனன் தெருவுக்கு அந்தப் பெயர் என்று அங்குள்ள சித்திரம் சொல்கிறது. லவ் லேனில் மனைவிக்குத் தெரியாமல் மாடியிலிருந்து இறங்கும் கணவரைப் பார்க்கலாம்; பணக்காரர்கள் ஆசைநாயகிகளைக் குடிவைத்த சந்து என்பது அந்தத் தெருப் பெயருக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. சூ ஹொங் சந்தில் இருப்பது அந்தச் சந்தின் குறுகலைப் பற்றியது. லீத் தெரு முனையில், காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ இந்த வட்டாரத்தில்தான் தொழில் பழகினார் என்று ஒரு சித்திரம் சொல்கிறது.

கம்பி கறுப்பு, பல சுவர்கள் வெளுப்பு. உச்சி வெயிலில் கம்பியின் நிழல் சுவரில் இரண்டாவது கோடாக விழுந்து எழுத்தைக் குழப்பும். காலையில் படித்துவிடுங்கள்.

நடந்தே பார்க்கலாமே, சைக்கிள் எதற்கு?

ஆர்மேனியன் தெரு, கேனன் தெரு, ஆ குவீ தெரு மூன்றையும் மட்டும் பார்ப்பதாக இருந்தால் நடப்பதே நல்லது. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கூட்டம் இருக்கும்போது ஆர்மேனியன் தெருவில் சைக்கிளை மிதிக்கவும் முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

மற்ற இடங்களுக்குப் போகும்போதுதான் சைக்கிளின் அருமை தெரியும். பாரம்பரியப் பகுதியின் மையம் மட்டுமே 109 ஹெக்டேர், அதைச் சுற்றிய காப்பு வட்டாரம் இன்னொரு 150 ஹெக்டேர். முன்ட்ரி தெருச் சிறுமி ஒரு பக்கம், பினாங்கு ரோட்டுப் பெச்சாக்காரர் இன்னொரு பக்கம், ஜாலான் குருத்வாராவில் இருக்கும் ஹின் பஸ் டிப்போ கலைக்கூடம் அதற்கும் அப்பால். இங்குள்ள வெக்கையில் இத்தனையும் நடந்து பார்த்தால் மூன்றாவது இடத்துக்கு வரும்போதே கண் ஓவியத்தை விட்டு நிழலைத் தேட ஆரம்பித்துவிடும். காரில் போனால் சந்துக்குள் நுழைய முடியாது, நிறுத்த இடமும் கிடைக்காது. பெச்சா சுகம்தான். ஆனால் அது அதிகம் கேட்கப்படும் நான்கைந்து இடங்களோடு நின்றுவிடும். கம்பிச் சித்திரங்களுக்காக இருபது இடத்தில் நிறுத்தச் சொல்ல முடியாது.

தடம் எப்படிப் போகும்? எவ்வளவு நேரம் ஆகும்?

தூரம் 6 முதல் 8 கிலோமீட்டர், நேரம் சுமார் 3 மணி. இதில் மிதிப்பது ஒரு மணி நேரத்துக்குள்தான் வரும், மீதியெல்லாம் நின்று பார்ப்பது. ஊரின் இந்தப் பகுதி முழுக்கச் சமதளம், ஏற்றமே இல்லை.

நல்ல வரிசை இது: கூட்டம் சேருவதற்குள் ஆர்மேனியன் தெருச் சைக்கிளை முதலில் பார்த்துவிட வேண்டும். பிறகு கேனன் தெரு நாற்காலி, சூ ஹொங் சந்து, ஆ குவீ தெரு மோட்டார் சைக்கிள். அங்கிருந்து கடலோரம் இறங்கி ஊஞ்சல், சியூ படகுத்துறை. திரும்பி லிட்டில் இந்தியா வழியாக கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. அதன் பிறகு லவ் லேன், முன்ட்ரி தெரு, லீத் தெரு, பினாங்கு ரோடு. கடைசியில் ஹின் பஸ் டிப்போ. பழைய பஸ் பணிமனையாக இருந்து 2014இல் சக்கரேவிச்சின் கண்காட்சியோடு கலைக்கூடமான இடம் அது. முற்றத்துச் சுவர்களில் ஓவியங்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஏற்கெனவே பார்த்தவர்களும் அங்கே மறுபடி போகலாம்.

தெருப் பலகைகளில் மலாய்ப் பெயர் இருக்கும்: 'லெபோ' என்றால் தெரு, 'லோரோங்' என்றால் சந்து, 'ஜாலான்' என்றால் சாலை. 'காட்' என்று தொடங்கும் பெயர் கண்டால் அந்தத் தெரு கடலை நோக்கி இறங்குகிறது என்று அர்த்தம். காசியில் படித்துறையைச் சொல்கிறோமே, அதே 'காட்'தான் கடல் கடந்து இங்கே வந்து தங்கிவிட்டது.

எத்தனை மணிக்குக் கிளம்புவது? எந்த மாதம் நல்லது?

காலை 8 மணிக்குச் சைக்கிள் உருள வேண்டும். 7.30 என்றால் இன்னும் நல்லது. 9 மணிக்கு மேல் ஆர்மேனியன் தெருச் சைக்கிள் முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கும். 11 மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறிவிடும். ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 டிகிரி இருக்கும். சென்னையின் மே மாதத்தோடு ஒப்பிட்டால் எண் குறைவாகத் தெரியும், ஆனால் ஈரப்பதத்தில் வியர்வை உலராது. மாலையில் போக நினைத்தால் 4.30க்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடிக்கலாம், ஆனால் பிற்பகல் மழைக்கும் அலுவலக நேரப் போக்குவரத்துக்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில்தான் கொட்டும். தைப்பூசத்துக்கு முதல் நாள் சைக்கிள் சுற்று வைத்துக்கொள்ளாதீர்கள்: பினாங்கு தெருவில் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும், லிட்டில் இந்தியாவைச் சுற்றிப் பல சாலைகள் அடைபடும். அன்றைக்கு ஓவியத்தை விட்டுவிட்டு ரதத்தைப் பாருங்கள்.

சைக்கிள் ஓட்டிப் பதினைந்து வருஷமாகிறது. வரலாமா?

வரலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். பழகியது மறக்காது. மறந்து போவது மெதுவாக ஓட்டும் கலைதான். வேகமாகப் போகும்போது சைக்கிள் தானாக நிமிர்ந்து நிற்கும், கூட்டத்தில் நடை வேகத்தில் ஓட்டும்போது ஆடும். அதனால் கிளம்புமுன் காலியிடத்தில் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். நேர்கோட்டில் இருபது மீட்டர் முடிந்தவரை மெதுவாக ஓட்டுங்கள். ஒரு கையை எடுத்து வலப்பக்கம் நீட்டிக்கொண்டு பத்து மீட்டர் போங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கால் ஊன்றி நில்லுங்கள். இந்த மூன்றும் வந்தால் போதும். கை நீட்டினால் சைக்கிள் வளைந்து போகிறது என்றால் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். அவர் உங்களைத் தனக்கு நேர் பின்னால் வைத்துக்கொள்வார்.

சீட்டை வழக்கத்தைவிட மூன்று, நான்கு சென்டிமீட்டர் தாழ்த்திக்கொள்ளலாம். உட்கார்ந்தபடியே இரண்டு கால் விரல்களும் தரையில் பட்டால் பாதிப் பயம் போய்விடும். மூன்று மணி நேரத்துக்குத் தாழ்ந்த சீட்டால் முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது. நன்றாக ஓட்டுகிறவர்கள் முறைப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும்.

வாடகைச் சைக்கிளைக் கையில் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கொஞ்சம்தான் அமுங்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே பிஎஸ்ஐ கணக்கில் அச்சிட்டிருக்கும். காற்று குறைந்தால் மிதிப்பது பாரமாகும்; அதைவிட மோசம், சாக்கடை மூடியின் விளிம்பில் ஏறும்போது ட்யூப் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கிப் பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும்.

பிரேக்கை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சைக்கிளை முன்னால் தள்ளிப் பாருங்கள். முன் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் தூக்க வேண்டும், பின் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். பிரேக் கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொடுகிறது என்றால் அந்தச் சைக்கிள் வேண்டாம், மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு முன் சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டில்பாரைத் திருப்புங்கள், தனியாகத் திரும்பக் கூடாது. சீட் ஆடக் கூடாது. கடைசியாக மணி. இந்தத் தெருக்களில் மணி இல்லாமல் ஓட்ட முடியாது.

ஹெல்மெட்டைப் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக வையுங்கள். பின்னால் சாய்த்து வைத்த ஹெல்மெட் நெற்றியைக் காக்காது. தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் தளர்வு கூடாது.

சேலை, சுடிதார், வேட்டி கட்டி ஓட்டலாமா?

சேலையும் வேட்டியும் வேண்டாம். சுடிதார் பரவாயில்லை, ஆனால் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் அல்லது இடுப்பைச் சுற்றி முடிந்து முனையை உள்ளே செருகுங்கள். கழுத்தில் தொங்கும் துப்பட்டா பின் சக்கரத்துக்குள் போனால் ஆளைக் கழுத்தோடு இழுக்கும். அகலக் கால் பேன்ட் என்றால் வலது காலைக் கணுக்காலுக்கு மேல் ரப்பர் பேண்டால் கட்டுங்கள், செயின் வலப்பக்கம்தான் இருக்கிறது. கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ உள்ளே போக நினைத்தால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

செருப்பு வேண்டாம். குதிகால் பட்டை உள்ள சாண்டலோ ஷூவோ போடுங்கள்.

சாலையில் ஆபத்து எங்கே?

மலேசியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுவது, எனவே இந்தியா, இலங்கை, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்குத் திசைக் குழப்பம் இருக்காது. அடிபடுவது வேறு காரணங்களால். முதல் காரணம், நிறுத்தி வைத்த காரின் கதவு. கடைவீதியில் ஓரமாக ஒதுங்கி ஓட்டுவது பத்திரம் என்று தோன்றும், உண்மையில் அதுதான் ஆபத்து. நின்ற காருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு மீட்டர் விடுங்கள். உள்ளே ஓட்டுநர் தலை தெரிகிறதா என்று பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போங்கள்.

இரண்டாவது, சாக்கடை மூடி. கம்பி இடைவெளி நீங்கள் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் உள்ளே இறங்கிவிடும். அதைச் சுற்றிப் போங்கள், முடியாவிட்டால் குறுக்கே வெட்டிக் கடங்கள். மழை பெய்த பிறகு இரும்பு மூடியின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திரும்பவும் கூடாது.

பிறகு ஒருவழிப் பாதைகள். இங்கே பல தெருக்கள் அப்படித்தான். எதிர்த் திசையில் ஓவியம் இருபது மீட்டரில் தெரிகிறது என்று மிதித்துவிடத் தோன்றும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கடைவீடுகளுக்கு முன்னால் தூண்களோடு இருக்கும் நிழல் நடைவழிக்கு மலாயில் 'காக்கி லீமா', அதாவது ஐந்தடி என்று பெயர். அது நடப்பவர்களுக்கானது, சைக்கிளில் ஏறக் கூடாது.

சூலியா தெரு, பினாங்கு ரோடு போன்ற பெரிய தெருக்களில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வெட்கப்படாமல் இறங்கி, நடப்பவர்களோடு சேர்ந்து கடங்கள்.

குழுவாகப் போகும்போது யாராவது பிரிந்துவிட்டால்?

ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேர் சரியான அளவு. பத்துக்கு மேல் போனால் கடைசியில் ஓட்டி வர இன்னோர் ஆள் கட்டாயம் வேண்டும். எளிய ஏற்பாடு ஒன்று உண்டு: திரும்பும் ஒவ்வொரு முனையிலும் வழிகாட்டிக்கு அடுத்து வருபவர் நின்றுகொள்வார், கடைசி ஆள் வந்து சேரும்வரை நகர மாட்டார். அடுத்த முனையில் இன்னொருவர். இதனால் சிக்னல் விழுந்து குழு இரண்டாக உடைந்தாலும் யாரும் தொலைவதில்லை. முன்னால் போகும் சைக்கிளுக்கும் உங்களுக்கும் இரண்டு சைக்கிள் நீளம் விடுங்கள். ஓவியத்தைக் கண்டதும் சட்டென்று பிரேக் போடுவதுதான் குழுவில் நடக்கும் மோதல்களுக்கு முக்கியக் காரணம். கையை உயர்த்திவிட்டு மெதுவாக ஒதுங்குங்கள்.

பிரிந்தே போனால் தேடிக்கொண்டு ஓட்டாதீர்கள். கடைசியாகக் குழுவைப் பார்த்த முனையிலேயே நில்லுங்கள்.

படங்களில் பார்த்ததைவிட ஓவியங்கள் மங்கலாக இருக்கின்றனவே, ஏன் சரிசெய்யவில்லை?

சுவரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. இந்தக் கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியவை. தரையிலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை வெளியே விட்டு மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் அக்ரிலிக் பெயின்ட் அடிக்கும்போது பிளாஸ்டிக் தாள் ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. ஈரம் வெளியே வர முடியாமல் பெயின்டுக்குப் பின்னாலேயே தங்கும். அதோடு வந்த உப்பு அங்கே பூத்து, பெயின்டைப் பின்னாலிருந்து தள்ளும். முதலில் சின்னக் கொப்புளம், பிறகு சில்லு சில்லாக உதிர்வது. ஓவியத்தின் கீழ்ப்பாகம்தான் முதலில் போகும், ஓதம் ஏறுவது அங்கிருந்துதானே. நிஜப் பொருள் பொருத்திய ஓவியங்களில் இன்னொன்றையும் பார்க்கலாம்: இரும்பு ஆணியிலிருந்தும் சட்டத்திலிருந்தும் துருத்தண்ணீர் செம்பழுப்புக் கோடாகச் சுவரில் இறங்கியிருக்கும்.

இதோடு வெயில், கடற்காற்று, கை. ஆ குவீ தெருவில் செல்ல டைனோசரோடு நிற்கும் சிறுவன் நன்றாகவே மங்கிவிட்டான். சியூ படகுத்துறையில் படகில் போகும் குழந்தைகளை வரைந்த ஓவியம் ஏறக்குறைய அழிந்துவிட்டது. சுவரைப் பிளாஸ்டிக் பூச்சால் அடைத்துக் காப்பாற்றலாமே என்று கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் ஈரம் இன்னும் அடைபட்டு, ஓவியத்தோடு சாந்தும் பெயர்ந்து விழும். உலகப் பாரம்பரியமாக அறிவிக்கப்பட்டது இந்த வீடுகள்தான், சுவரோவியம் பிறகு வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் காக்க முடியும் என்றால் சுவரைக் காப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

அதனால் வந்த அன்றைக்கு இருக்கிற நிலையில் பாருங்கள். உரிந்த இடமும் அந்தச் சுவரின் உண்மைதான்.

ஆர்மேனியன் தெருச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கலாமா?

ஏறாதீர்கள். மேலே சொன்ன மெத்தென்ற பழைய சாந்தில் ஆணி அடித்து நிறுத்தியிருக்கும் சைக்கிள் அது. ஐம்பது, அறுபது கிலோ எடை அதில் சாயும்போது ஆணி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், சுற்றியுள்ள சாந்து விரியும், அந்த விரிசலில் மழைநீர் இறங்கும். பக்கத்தில் நின்று ஹேண்டில்பாரைத் தொடுவதுபோல் கையை நீட்டினாலே படத்தில் ஓட்டுவதுபோல் வரும். வரைந்த முகங்களைத் தடவ வேண்டாம்; வியர்வையும் சன்ஸ்கிரீன் எண்ணெயும் படிந்து அந்த இடம் கறுக்கும்.

நல்ல படம் எடுக்க ஏதாவது யோசனை?

சந்துகள் குறுகல், பின்னால் போக இடம் இருக்காது. போனை அகலக் கோணத்துக்கு மாற்றினால் சுவர் வளைந்து தெரியும். அதற்குப் பதிலாக எதிர்ப் பக்க நடைவழிக்குள் போய், ஓவியத்தின் நடு உயரத்துக்குப் போனைப் பிடித்துச் சுவருக்கு இணையாக எடுங்கள். முன்ட்ரி தெருச் சிறுமியை எடுக்க எதிர்ப்பக்கம் நின்றாக வேண்டும். அங்கே வண்டி வரத்து உண்டு, கேமராவைப் பார்த்துக்கொண்டே பின்வாங்காதீர்கள். ஓவியத்தை மட்டும் ஒட்டி எடுத்த படம் எல்லோரிடமும் இருக்கிறது. பக்கத்து ஜன்னல், மீட்டர் பெட்டி, தொங்கும் துணி எல்லாம் சேர்ந்து வரும்படி ஒரு படமாவது எடுங்கள், அப்போதுதான் அது ஜார்ஜ்டவுன்.

ஓவியத்தைச் சட்டையிலோ விளம்பரத்திலோ அச்சிட நினைத்தால் அது வேறு விஷயம், ஓவியரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

படகுத்துறைக்குள் சைக்கிளில் போகலாமா?

கூடாது. வெல்ட் கீ கரையோரத்தில் கடலுக்குள் மரக்கால் ஊன்றி, பலகை பரப்பி, அதன் மேல் சீனக் குலத்தவர் தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். பலகைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி டயரைப் பிடிக்கும். அதைவிட முக்கியம், அந்தப் பலகைப் பாதை அவர்களுடைய வாசல். சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு நடந்து போங்கள். கடைகள் அல்லாத வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பது, பூஜை மாடத்தைப் படமெடுப்பது வேண்டாம். குரலையும் தாழ்த்திக்கொள்ளுங்கள், யாராவது உறங்கிக்கொண்டிருக்கலாம்.

தமிழர் தொடர்பான இடங்கள் வழியில் உண்டா?

வழியெல்லாம் உண்டு. சூலியா தெருவின் பெயரே தமிழ் முஸ்லிம்களைக் குறிப்பது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களை இங்கே சூலியா என்றார்கள். அந்தத் தெருவிலேயே நாகூர் தர்கா இருக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தொடங்கியது, மகா மாரியம்மன் கோவில் 1833இலிருந்து குயின் தெருவில் நிற்கிறது. சுவரோவியச் சுற்றில் இவற்றை ஐந்து நிமிஷத்தில் முடிக்கும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். அரை மணி கூடுதலாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா வரைந்த 'இந்தியப் படகோட்டி' ஓவியத்தையும் தடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். துறைமுகத்தில் சரக்கேற்றி இறக்கிய நம் ஆட்களின் முகம் அது.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

தனியாக ஓட்டும் பிள்ளைக்குச் சாலையில் நேராக ஓட்டவும் சொன்னவுடன் நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். வயதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. சின்னக் குழந்தைக்குப் பின் இருக்கை கேளுங்கள். பெரும்பாலான இருக்கைகளின் எடை வரம்பு 22 கிலோ, அது இருக்கையிலேயே எழுதியிருக்கும். இருக்கை பொருத்திய சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் குழந்தையை அதிலேயே விட்டு நகராதீர்கள். குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தால் சைக்கிளும் சாயும். குழந்தைகளோடு வந்தால் பூனை ஓவியங்களை எண்ணச் சொல்லுங்கள், மூன்று மணி நேரமும் சலிக்க மாட்டார்கள்.

மழை வந்தால்?

இங்கே மழை ஊசி போடுவதுபோல் வராது, குடத்தைக் கவிழ்த்ததுபோல் வரும். ஐந்தடி நடைவழி எங்கும் இருக்கிறது, ஒதுங்கி நின்றால் பெரும்பாலும் அரை மணியில் விடும். ஓட்டியாக வேண்டும் என்றால் பட்டன் போட்ட மழைச்சட்டை அணியுங்கள். போர்வைபோல் தொங்கும் போன்ச்சோ மழையங்கி காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். இடி இடித்தால் ஓட்டவே வேண்டாம்.

வழியில் செயின் கழன்றாலோ பஞ்சரானாலோ?

பஞ்சருக்கு வழிகாட்டியிடம் மாற்று ட்யூபும் பம்பும் இருக்க வேண்டும், கிளம்புமுன் கேட்டுவிடுங்கள். செயினை நீங்களே போடலாம். பின் பல்சக்கரத்தில் செயின் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன் பல்சக்கரத்தின் அடிப்பக்கப் பற்களில் நான்கைந்தில் செயினை மாட்டி, பின் சக்கரத்தைத் தூக்கியபடி பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள், தானாக ஏறிக்கொள்ளும். பெடல் சுற்றும்போது விரல் செயினில் இருக்கக் கூடாது. கை கறுத்தால் கறுத்த கையோடு எந்தச் சுவரையும் தொடாதீர்கள்.

தண்ணீர், சாப்பாடு?

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தாகம் எடுத்த பிறகு மடமடவென்று குடிப்பதைவிட ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு மிடறு குடிப்பது நல்லது. காலையில் இட்லி, ரொட்டி சானாய் (இங்குள்ள பரோட்டா) போல் இலேசாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், சோற்றில் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டாரை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவில் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரோடு வடை கிடைக்கும். பினாங்கு ரோட்டுப் பக்கம் வரும்போது கெங் குவீ தெருவில் ஐஸும் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் சேர்ந்த செண்டோல் குடிக்கலாம், சுற்றின் அந்தக் கட்டத்தில் உடம்பு அதைத்தான் கேட்கும்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிக்கு உரிமம் கட்டாயம், அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: கட்டணத்தில் சைக்கிள், ஹெல்மெட், காப்பீடு மூன்றும் சேர்த்தியா? குழுவில் எத்தனை பேர்? மழையென்றால் தேதி மாற்றமா, பணம் திரும்புமா? விளக்கம் எந்த மொழியில்? இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: "இப்போது எந்தெந்த ஓவியம் அழிந்துவிட்டது?" தினமும் தெருவில் இருப்பவர் உடனே பட்டியல் சொல்வார். எல்லாம் அப்படியே இருக்கின்றன என்று சொல்பவரிடம் வேண்டாம்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

சைக்கிளை விட்டுவிட்டு நடங்கள். ஆர்மேனியன் தெருவில் அக்கா தம்பியைப் பார்த்துவிட்டு, வழியிலுள்ள கம்பிச் சித்திரங்களைப் படித்தபடி கேனன் தெருவுக்குத் திரும்பி நாற்காலிச் சிறுவனைப் பாருங்கள். பிறகு ஆ குவீ தெரு மோட்டார் சைக்கிள். அங்கே ஐந்து நிமிஷம் நின்று, பையனுக்குக் கீழே பெயின்ட் எங்கே முடிந்து சுண்ணாம்பு எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள்.